ஆறு கணினிகளில் நரி, ஏழாவதில் நீல எழுத்து

உங்கள் பொதுக் கணினி நிலையத்துக்காக நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டு அறிக்கையை இரண்டு முறை வாசித்தேன். நான்கு உலாவிகள், எது எத்தனை நொடியில் பக்கத்தைத் திறக்கிறது, எது எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது, எதன் ஓட்டைகளை எவ்வளவு விரைவாக அடைக்கிறார்கள் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. நல்ல உழைப்பு. "ஓய்வில் இருக்கிற உங்களைத் தொந்தரவு செய்கிறோம், ஒரு வரியாவது சொல்லுங்கள்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது. நானும் ஒரு காலத்தில் இப்படியொரு ஒப்பீடு செய்தவள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டு. வவுனியாக் கடைத்தெருவில் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். முல்லைத்தீவு ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் புடவைக் கடை வைத்திருந்துவிட்டு, போர்நிறுத்தத்தில் பாதை திறந்ததும் வவுனியா வரைக்கும் திரும்பி வந்து கடை போட்டவர். வெளிநாட்டு அழைப்பு, போட்டோப் பிரதி, பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த ஏழு கணினிகள். ஏழுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் படமொன்றைத் திறந்தால் மற்ற ஆறு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கு முன் நான் கணினி வகுப்பு எடுத்தவள் என்பதால் அங்கே எனக்கு டீச்சர் என்று பெயர்.

கணினியோடு கூடவே வந்த உலாவிதான் ஏழிலும் இருந்தது. நீல நிறத்தில் ஓர் ஆங்கில எழுத்து அதன் அடையாளம். ஆட்கள் அதை 'நீல எழுத்து' என்பார்கள். அதில் எதைத் திறந்தாலும் பக்கத்தில் நாலு விளம்பரம் குதிக்கும். ஒருநாள் பாடசாலை அதிபர் ஒருவர் பரீட்சைப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் ஆடையில்லாத பெண்கள் வந்து நின்றார்கள். மனிதர் எழுந்து கதிரையைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று மாலை நானா என்னிடம், "டீச்சர், இதுக்கொரு முடிவு கட்டுங்கோ. இல்லாட்டி நான் திரும்பப் புடவைக் கடைதான் போடவேணும்" என்றார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு குறுந்தட்டில் புதிய உலாவிகள் இரண்டு கிடைத்தன. ஒன்றுக்கு நரி அடையாளம், மற்றதற்குச் சிவப்பு வட்டம். மூன்று நாள் சோதித்தேன். நானாவின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அஞ்சல் பெட்டியின் முதற்பக்கம் எத்தனை நொடியில் வருகிறது, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை விளம்பரம் குதிக்கிறது, எது கணினியை இறுக வைக்கிறது என்று கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். வேகத்தில் சிவப்பு வட்டம் முந்தியது. ஆனால் அஞ்சல் பக்கத்தின் பொத்தான்களில் பாதி அதில் தெரியவில்லை. நரி கொஞ்சம் மெல்லத்தான் எழும்பும். எழும்பிவிட்டால் விளம்பரம் ஒன்றையும் உள்ளே விடாது. மூன்று நாளில் அந்தக் கணினிக்குள் ஒரு கிருமியும் ஏறவில்லை. பாதுகாப்பு என்ற பத்தியில் நரிக்கு நேரே பெரிதாகச் சரி போட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த நாளில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. அது நீல எழுத்தில் மட்டும் தானாக இறங்கும்; நரியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டியதுபோல் வரும். பத்திரிகை வாசிக்க வருபவர்கள்தான் எங்களுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள். அதனால் ஆறு கணினிகளில் நரியைப் போட்டேன். ஏழாவதில் நீல எழுத்தையே விட்டேன். மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் அந்த ஒன்றை மட்டும் துடைத்துச் சுத்தமாக்குவது என்று முடிவு.

இதற்குமேல் பாதுகாப்பு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒருவர் ஓர் ஐயம் கேட்டால் ஏழு கதிரைக்கும் ஓட வேண்டியிருந்ததால், வருபவர்களுக்கு இரண்டு விதிகள் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று: ஆங்கிலத்தில் ஏதாவது பெட்டி வந்து கேள்வி கேட்டால் பயப்படாமல் என்டரைத் தட்டுங்கள். இரண்டு: தெரியாத ஆளிடமிருந்து கடிதம் வந்தால் அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் அப்போதே வெறுமையாக்குங்கள். எல்லோரும் ஒழுங்காகக் கேட்டு நடந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படிக் கேட்டு நடந்தவர்களில் இரண்டு பேரைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சின்னத்துரை ஐயா. முப்பது வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் லண்டனில். வியாழக்கிழமைகளில் பத்து மணிக்கு வந்து ஏழாவது கணினியில் பத்திரிகை வாசித்துவிட்டு, அதிலேயே மகனுடைய அஞ்சலையும் பார்ப்பார். மற்றவர் சிவமலர். இரணைமடுப் பக்கத்துப் பிள்ளை. கலியாணமாகி எட்டு மாதத்தில் கணவன் கனடாவுக்குப் போய்விட்டான். அவள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி, இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச் சாவடி கடந்து, அவனுடைய கடிதங்களை வாசிக்க எங்களிடம் வருவாள். கணவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். அவள் எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பாள். நான் பின்னால் நடந்தால் உள்ளங்கையால் திரையை மறைப்பாள்.

ஒரு வியாழன், கணினியை விட்டு எழும்பிய சின்னத்துரை ஐயா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பிள்ளை, இண்டைக்கு நாப்பது குப்பைக் கடிதம் எறிஞ்சனான். ஒண்டும் விளங்காத பாசை. நீங்கள் சொன்ன மாதிரித் தொட்டியையும் கொட்டிப் போட்டன்."

"கெட்டிக்காரன் ஐயா" என்றேன் நான்.

அடுத்த நாள் வெள்ளி. காலை பத்தரை மணியிருக்கும், சிவமலர் வந்தாள். அது அவள் வரும் கிழமையே இல்லை. முகமெல்லாம் வேர்வை, கண்ணில் ஒரு வெளிச்சம்.

"டீச்சர், அவர் நேற்றுப் பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்தவர். திங்கள் கொழும்புத் தூதரகத்துக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருக்காம். எத்தினை மணிக்கு, என்னென்ன கொண்டுபோறது எல்லாம் அங்கத்தை வழக்கறிஞரிட்ட இருந்து மெயிலில வந்து கிடக்காம். அந்தக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்துக் காட்டவேணுமாம்."

மூன்றாவது கணினியில் இருந்து அவளே பெட்டியைத் திறந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். கையால் திரையை மறைக்காமல் இருந்தாள். மறைக்க அங்கே ஒன்றுமில்லை. பெட்டி வெறுமையாக இருந்தது. குப்பைத்தொட்டியும் வெறுமை.

"டீச்சர், எல்லாம் போட்டுது. ரெண்டு வருசக் கடிதம்."

கணவனின் எண்ணுக்கு நானா உடனே அழைத்தார். அங்கே நடுச்சாமம், அவன் இரவு வேலை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடிதம் அனுப்பிய வழக்கறிஞர் அலுவலகம் எங்கள் நேரப்படி மாலைக்குப் பிறகுதான் திறக்கும். அதுவரை அவளால் காத்திருக்க முடியாது. பத்திரங்கள் எல்லாம் இரணைமடு வீட்டில். இன்று சாவடி மூடுமுன் அவள் திரும்பிப் போய், கேட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு, நாளைக்கே மறுபடி கடந்து கொழும்புக்குப் போக வேண்டும். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் திங்கட்கிழமை இல்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஐயா சொன்ன நாற்பது கடிதங்கள் ஞாபகம் வந்தன.

"மலர், போனமுறை வந்த நேரம் எந்தக் கொம்பியூட்டரில இருந்தனீங்கள்?"

"மற்ற எல்லாத்திலயும் ஆக்கள். நீங்கள்தான் ஏழில இருக்கச் சொன்னீங்கள்."

ஏழாவதில் போய் உட்கார்ந்து, அஞ்சல் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கில 'எஸ்' ஒன்றை மட்டும் தட்டினேன். கீழே ஆறு பெயர்கள் வரிசையாக விழுந்தன. சின்னத்துரை, அதற்கு அடுத்ததாகச் சிவமலர். பெயரைத் தொட்டதும் கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத் தானே வந்து நிரம்பியது. 'இந்தக் கடவுச்சொல்லை நான் ஞாபகம் வைக்கட்டுமா?' என்று உலாவி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. அவர்கள் என் விதிப்படி என்டரைத் தட்டியிருக்கிறார்கள். ஐயா தன்னுடையதென்று நினைத்து அடுத்த பெயரைத் தொட்டிருக்கிறார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் அவருக்கு விளங்காத பாசை. தெரியாத ஆளின் கடிதம். என் இரண்டாவது விதிப்படி அழித்துத் தொட்டியையும் கொட்டியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரு பிழையும் செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானாவுக்கு வேர்த்துவிட்டது.

"அல்லாவே, ஆறு பேற்ற பெட்டியும் திறந்து கிடக்கே! டீச்சர், உடன எல்லாத்தையும் அழியுங்கோ. ஒண்டும் விடாதேங்கோ."

அழிக்கும் பக்கத்தைத் திறந்தும்விட்டேன். மாதக் கடைசியில் செய்வதுதான், ஒரு சொடுக்கு, சேமித்த பெயர், பார்த்த பக்கம் எல்லாம் போய்விடும். விரல் பொத்தானில் இருந்தது. வெட்கம் ஒருவரை எவ்வளவு வேகமாகத் துடைக்கச் சொல்லும் என்பதை அன்றுதான் கண்டேன். மற்ற ஐந்து பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பிழை கண்ணில் படாமல் போக வேண்டும் என்ற அவசரம் அது.

இந்த உலாவியின் பெரிய குற்றம் என்று என் கொப்பியில் எழுதியிருந்தது என்ன? பார்த்த பக்கத்தையெல்லாம் வட்டில் சேர்த்து வைத்துக் கணினியை இறுக்குகிறது என்பது. நேற்று ஐயா அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்திருந்தால் அதன் பிரதி இந்தக் கணினிக்குள்ளேயே எங்கோ கிடக்கும். திறக்காமல் அழித்திருந்தால் ஒன்றும் கிடக்காது. விரலை எடுத்தேன். வலைத் தொடர்பை மட்டும் கழற்றிவிட்டு, ஒருவரும் கிட்ட வராதபடி கதிரையைத் திருப்பி வைத்தேன்.

"நானா, சின்னத்துரை ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "டீச்சர், அந்த மனிசனுக்குச் சொல்லாதேங்கோ. முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தவர். உடைஞ்சு போவார். மெசின் பழுதாப் போச்சு எண்டு சொல்லுவம்."

"அவர் திறந்தாரோ இல்லையோ எண்டு மெசினுக்குத் தெரியாது நானா. அவருக்குத்தான் தெரியும்."

நானா மோட்டார் சைக்கிளில் போய் ஐயாவைக் கூட்டி வந்தார். அதற்குள் நான் சிவமலரை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன், என் இரண்டு விதிகளும் உட்பட. அவள் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

ஐயா மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து நின்றார். அவருக்கும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கே பேசினார்.

"ஒருத்தற்ற கடிதத்தையும் நான் வாழ்க்கையில தொட்டதில்லை, பிள்ளை. கிழிஞ்ச உறை வந்தாலும் ரெண்டு பேரைச் சாட்சிக்கு வைச்சு ஒட்டித்தான் குடுத்தனான்."

"ஐயா, அது தெரியும். இப்ப ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. அழிக்க முதல் ஏதாவது திறந்தனீங்களோ?"

அவர் யோசித்தார். "ஒண்டு. இங்கிலீசில இருந்தது ஒண்டைத் திறந்தனான். 'டியர் மடம்' எண்டு தொடங்கினது. ஆம்பிளை என்னைப் பார்த்து மடம் எண்டிறாங்கள், இது கட்டாயம் குப்பைதான் எண்டு மூடிப் போட்டன்."

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அப்போதுதான் சிவமலர் வாய் திறந்தாள். நேர்முகத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஐயா, அவரின்ர கடிதம் ஏதும் வாசிச்சனீங்களோ?"

"இல்லை மகள். ஒண்டும் திறக்கேல்லை. எனக்கு விளங்கவும் இல்லை."

அவள் கைக்குட்டையை முகத்தில் வைத்து அழுதாள். கடிதங்கள் போனதற்காக அழுகிறாள் என்றுதான் ஐயா நினைத்திருப்பார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவள் முகம் துடைத்து நிமிர்ந்தபோது பார்த்தேன். தோளில் இருந்து ஏதோ இறங்கினதுபோல் இருந்தாள். இரண்டு வருடக் கடிதங்கள் போனதைவிட, அதை இன்னொருவர் கண் பார்த்திருக்குமோ என்பதுதான் அவளை அதுவரை இறுக்கியிருந்தது. பாதுகாப்பு என்ற பத்தியில் நான் விளம்பரங்களையும் கிருமிகளையும் எண்ணியிருந்தேன். அவள் காப்பாற்ற நினைத்த பொருள் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மிச்சம் தேடுகிற வேலை. உலாவி சேர்த்து வைத்திருந்த கோப்புகள் ஆயிரத்துக்குமேல்; ஒன்றுக்கும் ஒழுங்கான பெயரில்லை. நேரப்படி அடுக்கி, வியாழன் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மழை அறிவித்தல். மரண அறிவித்தல். நெல் விலை. ஐயா பக்கத்தில் நின்று, "இதுக்குப் பிறகுதான் பிள்ளை, இதுக்குப் பிறகுதான்" என்று தன் நேற்றைய காலையை எனக்கு வழிகாட்டிக்கொண்டே வந்தார். ஒருமணி தாண்டி, பாதி உடைந்த ஒரு பக்கம் வந்தது. படங்கள் இல்லை, கோடுகள் இல்லை. நடுவில் 'டியர் மடம்'.

ஐயா அதை உரத்து வாசித்துத் தமிழில் சொல்ல, சிவமலர் எழுதிக்கொண்டாள். திங்கள் காலை எட்டரை. கலியாணப் பதிவு, இருவரின் பிறப்புச் சான்று, மொழிபெயர்ப்பு, படங்கள். இரண்டு பிரதி அச்சடித்தோம். நானா அவளைப் பஸ்வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்து, "இடம் கிடைச்சிட்டுது" என்று சொன்ன பிறகுதான் நான் காலையிலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்தது.

பிறகுதான் அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதோடு விடாமல் மற்ற ஆறையும் பார்த்தேன். நரி என்று பெருமைப்பட்டேனே, அதிலும் நான்கு கணினிகளில் ஆட்களின் கடவுச்சொற்கள் பத்திரமாக இருந்தன. அதுவும் கேட்டிருக்கிறது, அங்கும் என்டர் விழுந்திருக்கிறது. வெளியிலிருந்து வருகிற கள்ளனை எது நன்றாக மறிக்கும் என்று மூன்று உலாவிகளையும் சோதித்தேனே தவிர, ஒரே கதிரையில் காலையில் ஒருவரும் பின்னேரம் ஒருவரும் இருப்பார்கள் என்பதைச் சோதிக்கவில்லை. ஞாபகம் வைப்பதை ஏழிலும் நிறுத்தினேன். பெயர் கிடந்த ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றச் செய்தேன். ஒருவர் கடை அதிரச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்; திரும்பி வரவே இல்லை. அவர் கோபித்ததில் நியாயம் இருந்தது. என்டர் விதியை எடுத்துவிட்டு, எந்தப் பெட்டி வந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். கால் உளைந்தது. உளையட்டும் என்று விட்டேன்.

சிவமலருக்கு விசா கிடைக்க மேலும் சில மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் கணவன் தன்னிடம் இருந்த பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான். எல்லாவற்றிலும் ஒரே திகதி விழுந்திருந்தது. "ரெண்டு வருசத்தையும் ஒரே நாளில எழுதின மாதிரிக் கிடக்கு டீச்சர்" என்று சிரித்தாள். போகுமுன் கடைக்கு வந்து எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். ஐயா வருகிற நாள் பார்த்து வியாழக்கிழமைதான் வந்தாள்.

ஐயா தொடர்ந்து வந்தார். வரமாட்டார் என்றுதான் நானா பயந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் கையைச் சுட்டெலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கடை முழுக்க ஆட்கள் இருந்தாலும் திரும்பி உரத்துக் கேட்பார்:

"பிள்ளை, ஒருக்கா வந்து பாருங்கோ. இது என்ர பெட்டிதானோ?"

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் எழுந்து போய், திரையின் மேல் மூலையில் உள்ள பெயரை அவரோடு சேர்ந்து வாசித்துவிட்டு, "ஓம் ஐயா, உங்கடதான்" என்பேன். அதன் பிறகுதான் மகனுடைய கடிதத்தைத் தொடுவார். நான் அந்தக் கடையில் இருந்த கடைசி வியாழன் வரைக்கும் அவர் கேட்டார், நானும் போனேன். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். எழுந்து அவர்களிடம் போங்கள்.